செய்மதித் தூது: சேய்மை நிலையங்களை இணைத்த வலையமைப்புகளின் வரலாறு

தமிழ்ப் பிரபந்த வகைகளுள் ஒன்றாகிய தூது, பிரிந்திருப்பார் இருவரிடையே செய்தி செல்லும் நெறியைப் பொருளாகக் கொண்டது. அன்னம், மயில், கிளி, முகில், தென்றல், நெஞ்சு முதலிய பத்தினைத் தூதிற்குரியனவாக இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். அந்நூல்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தூது சென்ற பொருள் செய்தியை உரைத்துவிட்டு அவ்விடத்தே நின்றுவிடுதல் போதாது. தலைவனிடம் மாலை வாங்கிக்கொண்டு மீளவும் வருதல் வேண்டும். போகும் வழியும் மீளும் வழியும் ஒருங்கமைந்தாலன்றித் தூது நிறைவுறாது என்பதே அப்புலவர் கொள்கை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், நிலத்திற் கம்பியும் கடலிற் கேபிளும் எட்டாத தீவுகளையும் பனிநிலச் சிற்றூர்களையும் மலைப்புறக் குடியிருப்புக்களையும் செய்மதி வழியாக இணைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை ஆராயும்போது இக்கொள்கை நம் நினைவுக்கு வருகின்றது. இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஏவூர்திகளின் ஆற்றலையும் செய்மதிகளின் பருமனையுமே விரித்துரைப்பர். வானில் நிற்கும் ஒரு கருவியை நிலத்திலுள்ள பல நிலையங்கள் எவ்வாறு பகிர்ந்துகொண்டன, அந்நிலையங்கள் ஒன்றோடொன்று எவ்வடிவிற் பிணைக்கப்பட்டன என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. ஆயினும், ஒரு சேய்மையூர் பேசுமா, கேட்க மட்டுமே செய்யுமா, பேசுமாயின் யார் வழியாகப் பேசும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்தது அப்பிணைப்பின் வடிவமே. அதனை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்மதித் தொடர்பின் அடிப்படைக் கருத்தை உலகிற் பரப்பியவர் ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் இதழில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் ஒரு பொருள், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றினை முடிக்கும். ஆதலின் நிலத்தில் நிற்பார்க்கு அது வானில் ஓரிடத்தே அசையாது நிற்பதாகத் தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்றினைச் சம இடைவெளியில் நிறுத்தின், துருவப் பகுதிகள் ஒழிந்த உலகம் முழுவதற்கும் தொடர்பு கிட்டும் என்பது அவர் காட்டிய கணக்கு. இவ்வறிஞர் 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008ஆம் ஆண்டிற் கொழும்பிலே காலமானார் என்பது நம் நாட்டவர் நினைவிற்கொள்ளத்தக்கது.

அசையாது நிற்கும் செய்மதியால் விளைந்த நன்மை பெரிது. நிலத்திலுள்ள அன்ரெனா அதனைத் தேடித் திரும்ப வேண்டுவதில்லை. ஒருமுறை குறிபார்த்து நிறுத்தினாற் போதும். ஆயின் அவ்வுயரம் இரு தடைகளையும் உடன்கொணர்ந்தது. அத்தொலைவு கடந்து வரும் சமிக்ஞை மிகவும் நலிந்துவிடும் என்பது ஒன்று. ஒளியின் வேகத்திற் சென்றாலும் ஏறி இறங்கக் காற் செக்கன் அளவு காலம் கழியும் என்பது மற்றொன்று. பின்வந்த வலையமைப்புகளின் அமைப்பு வேறுபாடுகள் பலவும் இவ்விரு தடைகளோடு மனிதர் செய்துகொண்ட உடன்பாடுகளே எனலாம்.

1962ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஏவப்பட்ட ரெல்ஸ்ரார், தாழ்ந்த பாதையில் விரைந்தோடியமையால் அதனைப் பின்தொடரப் பேரளவிலான அன்ரெனாக்கள் தேவைப்பட்டன. 1963இல் சின்கொம்-2 உம், 1964இல் சின்கொம்-3 உம் கிளார்க் கூறிய உயரத்தை அடைந்தன. 1965ஆம் ஆண்டு ஏப்பிரில் 6ஆந் திகதி ஏவப்பட்ட ‘ஏர்லி பேர்ட்’ என்னும் இன்ரெல்சற்-1, அத்திலாந்திக் கடலுக்கு மேலே நின்று 240 தொலைபேசிச் சுற்றுக்களைத் தாங்கியது. எனினும் அதனை ஒரே வேளையில் இரு நிலையங்களே பயன்படுத்தல் கூடும். ஆகவே ஐரோப்பாவில் ஆங்கில, பிரான்சிய, செருமானிய நிலையங்கள் தம்முள் முறைவைத்தே அமெரிக்காவுடன் பேச நேர்ந்தது. இரு முனைகளை மட்டும் இணைக்கும் இவ்வடிவம், கடலடிக் கேபிளை வானில் உயர்த்தி வைத்தாற் போன்றதே. ஏறத்தாழ 30 மீற்றர் விட்டமுள்ள அன்ரெனாக்களைக் கட்டவல்ல செல்வ நாடுகளுக்கன்றிப் பிறர்க்கு அதனாற் பயனில்லை.

1967ஆம் ஆண்டின் இன்ரெல்சற்-2 வகைச் செய்மதிகள் பல நிலையங்கள் ஒருங்கே பயன்படுத்தும் வாய்ப்பினைத் தந்தன. அப்போதுதான் பகிர்வு என்னும் வினா முன்னின்றது. முதலிற் கையாளப்பட்ட முறை மீடிறன் பங்கீடு. செய்மதியின் அலைவரிசையைப் பல கீற்றுக்களாக்கி, ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு கீற்றினை நிலையாக உரிமையாக்குவது அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இம்முறையின் குறையை எளிதில் உணர்வர். பங்குக் கிணற்றில் ஒருவனுடைய முறை நாளில் அவன் இறைக்காது விடின், அந்நீர் கிணற்றிற் கிடக்க, அயலான் பயிர் வாடும். நாளொன்றுக்கு நாலைந்து அழைப்புக்களே செய்யும் சிற்றூருக்கு நிலையான கீற்றினை ஒதுக்குவதும் அத்தகைய வீணே. எனவே 1970களின் முற்பகுதியில் இன்ரெல்சற் நிறுவனம், அழைப்பு எழும்போது மட்டும் பொதுத் தொகுதியிலிருந்து ஒரு சுற்றினை எடுத்து, பேச்சு முடிந்ததும் திருப்பி வைக்கும் முறையினைப் புகுத்தியது. நேரத்தை நுண்ணிய கூறுகளாக்கி நிலையங்களுக்கு வரிசைப்படி வழங்கும் நேரப் பங்கீடும் இக்காலத்தில் வளர்ந்தது.

சேய்மையூர்கள் இவ்வரலாற்றிற் புகுந்தது வேறொரு வாயிலாலாகும். 1966ஆம் ஆண்டு டிசெம்பரில் நாசா நிறுவனம் ஏவிய ஏ.ரி.எஸ்-1 என்னும் சோதனைச் செய்மதி, எளிய வானொலிக் கருவிகளாலேயே பயன்படுத்தத்தக்க ஒரு பொதுத் தடத்தினைக் கொண்டிருந்தது. 1971இல் அலாஸ்கா மாநிலத்து 26 இடங்கள் அதன்வழி இணைக்கப்பட்டன. அதற்கு முன்னர் அவ்வூர்களின் சுகாதார உதவியாளர் குற்றலை வானொலியையே நம்பியிருந்தனர். துருவ ஒளியினாலும் வானிலையினாலும் அது நாட்கணக்கில் ஓய்ந்துவிடும். நோயாளியை வைத்துக்கொண்டு வைத்தியரின் சொல்லுக்காகக் காத்திருத்தலே அவர் வழக்கமாயிற்று. செய்மதி வந்தபின் நாள்தோறும் குறித்த வேளையில் வைத்தியர் ஊர் ஊராக அழைத்துப் பேசினார்.

இவ்வமைப்பில் ஒருவர் பேசுவதனை ஏனையோர் அனைவரும் கேட்க நேர்ந்தது. நோயாளியின் மறை காக்கப்படாமை அதன் குறை. ஆயின், ஓரூரின் நோய்க்கு வைத்தியர் கூறும் அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றையூர் உதவியாளர் அதனாலே தாமும் கற்றுக்கொண்டனர் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. திட்டமிடாது அமைந்த ஒரு வகுப்பறையாக அப்பொதுத் தடம் விளங்கியது. இச்சோதனையின் பயனைக் கண்ட அலாஸ்கா சட்டசபை, நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களுக்குச் சிறிய புவி நிலையங்கள் வாங்குதற்கென 1975இல் 50 இலட்சம் டொலரை ஒதுக்கியது.

அதே செய்மதியைக் கொண்டு 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் பீஸ்சற் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஹவாயின் இரு வளாகங்களை இணைத்த அது, பின்னர்ப் பசிபிக் சமுத்திரத்துத் தீவுகள் பலவற்றிற்கும் பரவியது. பீஜித் தீவின் சுவா நகரில் 1968இல் நிறுவப்பட்ட தென்பசிபிக் பல்கலைக்கழகம், பல்லாயிரம் கிலோமீற்றர் பரப்பிற் சிதறிக்கிடந்த தன் கல்வி நிலையங்களோடு பேசுதற்கு இவ்வழியைக் கையாண்டது. ஒரு தீவு மற்றொரு தீவுடன் நேரே பேசியது. இடையே தலைநகர் எதுவும் நிற்கவில்லை. ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேசுதல் வேண்டும் என்னும் ஒழுங்கு ஒன்றே அவ்வவையின் சட்டம். 1985இல் அப்பழைய செய்மதி பயன்பாட்டை இழந்தபோது பல தீவுகள் குரலிழந்தன. பிறருடைய சோதனைக் கருவியை நம்பி வாழ்வாரின் நிலையாமைக்கு இது சான்று. அப்பல்கலைக்கழகம் பின்னர்த் தனக்கென ஒரு செய்மதி வலையமைப்பினை நிறுவிக்கொண்டது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலேயே பகிர்வு வினாவிற்கு வியத்தகு விடையொன்றும் பிறந்தது. தீவுகளிற் சிதறிய முனையங்களை ஓவாகுத் தீவிலுள்ள மையக் கணினியோடு வானொலி வழி இணைக்க நோர்மன் ஏப்பிராம்சனும் அவர் குழுவினரும் 1968இல் முயன்றனர். 1971ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அலோஹாநெற் இயங்கத் தொடங்கியது. முறை வகுத்தலையே அவர்கள் கைவிட்டனர் என்பது இதன் புதுமை. செய்தி உடையவர் எவரும் உடனே அனுப்பலாம். இருவர் செய்தி ஒருங்கு மோதிச் சிதைந்தால், இருவரும் ஒழுங்கற்ற சிறு இடைவேளை பொறுத்து மீண்டும் அனுப்புவர். இவ்வாறு இயங்கும் தடத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதமே பயன்படும் என்பது கணிதத்தாற் பெறப்படும். நேரக் கூறுகளின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என விதித்தால் அது இரட்டித்து 36.8 சதவீதமாகும். இது குறைவெனத் தோன்றலாம். ஆயின் எப்போதாவது ஒரு சிறு செய்தியை மட்டும் அனுப்பும் நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு, நிலையான பங்கீட்டினும் இது மிக்க நயமுடையது. 1972 டிசெம்பரில் ஹவாய், செய்மதி வழியாக அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்போடு இணைந்தது. 1975 முதல் அத்திலாந்திக் கடலுக்கு மேலே இயங்கிய சற்நெற், ஒரே செய்மதித் தடத்தினைப் பல நாட்டு நிலையங்கள் பகிர்ந்து தரவுப் பொதிகளை அனுப்பவல்லன என்பதை நிறுவியது. 1977 நவெம்பர் 22இல் ஆர்ப்பாநெற், நடமாடும் வானொலி வலையமைப்பு, சற்நெற் ஆகிய மூன்றும் ஊடாக ஒரே செய்தி சென்றடைந்தமை இன்றைய இணையத்தின் தோற்றுவாய்களுள் ஒன்றாகக் கருதப்படும்.

ஆசியாவில் நிகழ்ந்த இரு முயற்சிகளை ஈண்டு ஒப்பு நோக்குதல் தகும். 1975 ஓகஸ்ட் 1 முதல் 1976 யூலை 31 வரை, நாசாவின் ஏ.ரி.எஸ்-6 செய்மதியைக் கொண்டு இந்தியா நடத்திய ‘சைற்’ என்னும் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை முதலாவது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 2,400 கிராமங்களில், கோழிக்கூட்டுக் கம்பிவலை போன்ற வலையாற் செய்த 3 மீற்றர் அன்ரெனாக்கள் நாட்டப்பட்டன. வேளாண்மையும் சுகாதாரமும் கல்வியும் பற்றிய நிகழ்ச்சிகள் அகமதாபாத், டில்லி நிலையங்களிலிருந்து சென்றன. கொழும்பிலிருந்த கிளார்க்கின் இல்லத்திலும் அந்நிகழ்ச்சிகளைப் பெறும் கருவியொன்றை இந்திய விஞ்ஞானிகள் வந்து அமைத்துக் கொடுத்தனர். மின்சாரமே அரிதாயிருந்த ஊர்களுக்கு வானிலிருந்து நேரே காட்சி இறங்கியமை பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வமைப்பு ஒருவழிப்பட்டது. கிராமத்து உழவன் தன் வயலில் விழுந்த பூச்சியின் பெயரைக் கேட்டறிய அதில் வழியில்லை. ஓராண்டு முடிந்து செய்மதி நகர்ந்தபோது திரையும் ஒளியிழந்தது.

இரண்டாவது, இந்தோனேசியாவின் பலாப்பா. ஆயிரக்கணக்கான தீவுகளையுடைய அந்நாடு 1976ஆம் ஆண்டு யூலை 8ஆந் திகதி தன் செய்மதியை அமெரிக்க ஏவூர்தி மூலம் ஏவி, 40 புவி நிலையங்களோடு பணியைத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் மயபாகித்துப் பேரரசின் அமைச்சன் கயா மாடா, தீவுகள் அனைத்தையும் ஒன்றுபடுத்தும் வரை பலாப்பாவை நுகரேன் எனச் சூளுரைத்தான் என்பது அந்நாட்டு மரபு. அப்பெயரைச் செய்மதிக்கு இட்டமையே அதன் நோக்கத்தைப் புலப்படுத்தும். தலைநகர் தீவுகளை எட்டுதற்கும், தீவுகள் தலைநகரோடும் தம்முள்ளும் பேசுதற்கும் அது வழி செய்தது. பிணைப்பதும் ஆள்வதும் ஒரே கம்பியின் இரு நுனிகள் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

1980களில் ‘வீசற்’ எனப்படும் மிகச் சிறிய புவி நிலையங்கள் தோன்றின. அலாஸ்காவின் செய்மதித் தொடர்பினை ஆராய்ந்த ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் பார்க்கர், இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய ஈக்குவற்றோரியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர் என்பது கருதற்பாலது. ஒரு மீற்றரை ஒட்டிய சிறு கிண்ணமும், கணினியின் இலக்கங்களை அலையாக்கி அனுப்பி, வரும் அலையை மீண்டும் இலக்கமாக்கும் மோடம் என்னும் பெட்டியுமே அந்நிலையத்தின் உறுப்புக்கள். சமிக்ஞையிற் பிழை புகுந்தவிடத்து அதனைக் கண்டு திருத்துதலும், தனக்குரிய நேரக் கூற்றில் மட்டும் அனுப்புதலும் மோடத்தின் தொழில்களாம்.

ஆயின் சிறு கிண்ணத்தின் மெல்லிய குரலை மற்றொரு சிறு கிண்ணத்தாற் கேட்டல் அரிது. ஆகவே பேரன்ரெனாவும் மிக்க ஆற்றலும் வாய்ந்த ஒரு மையநிலையத்தை நடுவே நிறுத்தி, எல்லாச் சிறு நிலையங்களும் அதனோடு மட்டுமே பேசும் விண்மீன் வடிவம் கைக்கொள்ளப்பட்டது. மையத்திலிருந்து எல்லார்க்கும் ஒரே அகன்ற ஓடை பாயும். மீளும் வழியில் நேரப் பங்கீடோ அலோஹா முறையோ அமையும். பணிமனைகள் பலவற்றிலிருந்து ஒரே தலைமையகத்திற்குக் கணக்கு அனுப்புவார்க்கு இதனினும் சிறந்த வடிவம் இல்லை. அமெரிக்காவின் வோல்மார்ட் வணிக நிறுவனம் 1987இல் தன் கடைகளை இவ்வாறே இணைத்தது. இந்தியத் தேசியத் தகவலியல் மையத்தின் நிக்நெற், டில்லியில் மையம் வைத்து மாவட்டத் தலைநகர்களை இம்முறையில் இணைத்தது.

இனி இவ்வடிவின் மறுபக்கத்தை நோக்குவாம். அருகருகேயுள்ள இரு தீவுகள் தம்முட் பேச விரும்பின், ஒன்றன் சொல் வானேறி மையத்தில் இறங்கி, மீண்டும் வானேறி மற்றைத் தீவில் இறங்கும். சொல் சென்றடைய அரைச் செக்கனும், மறுமொழி மீளும்போது ஒரு செக்கனும் ஆகும். அத்தகைய பேச்சில் ஒருவர் வாய்திறக்க மற்றவரும் வாய்திறந்து இருவரும் தடுமாறுவர். மையம் பழுதுறின், நலமாயுள்ள நிலையங்கள் அனைத்தும் ஊமையாகும். இவற்றைத் தவிர்ப்பது, எந்நிலையமும் எந்நிலையத்தோடும் நேரே பேசும் வலைப்பின்னல் வடிவம். அதற்குப் பெரிய அன்ரெனாவும், விலையுயர்ந்த மோடமும், யாவரும் ஒருமித்துக் காக்கும் நேர ஒழுங்கும் வேண்டும். ஆதலின், பணத்தை மிச்சம் பிடிப்போர் விண்மீனையும், அயலூரோடு பேசும் உரிமையை மதிப்போர் வலைப்பின்னலையும், இரண்டும் வேண்டுவோர் இரண்டன் கலப்பையும் தேர்ந்தனர்.

காற் செக்கன் தாமதம் கணினிகளையும் வருத்தியது. இணையத்தின் பழைய விதிப்படி, ஏற்புரை வரும்முன் அனுப்பத்தக்கது 65,535 பைட் அளவே. செய்தி சென்று ஏற்புரை மீள அரைச் செக்கன் ஆகுமாயின், தடம் எத்துணை அகலமாயினும் ஓரிணைப்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பிட்டிற்கு மேற்செல்லாது. 1992இல் அவ்விதி விரிவாக்கப்பட்டது. தொலைவிலிருந்து வரவேண்டிய ஏற்புரையை அருகிலிருந்தே அளிக்கும் உபாயத்தையும் செய்மதிக் கருவிகள் கைக்கொண்டன. உயர்ந்த மீடிறன்களின் அலைகளை வெப்பமண்டலப் பெருமழை விழுங்கிவிடும் என்பது மற்றொரு இடர். 2005ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்த புதிய நியமத்தின்படி, மழை வலுக்கும்போது மோடம் வேகத்தைக் குறைத்துத் தொடர்பைக் காக்கவும், வெளுத்தபின் விரைவைக் கூட்டவும் கற்றுக்கொண்டது.

2019 முதல் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திற் பாயும் ஆயிரக்கணக்கான செய்மதிகள் ஏவப்பட்டமையால் தாமதம் என்னும் தடை பெரிதும் நீங்கியது. ரெல்ஸ்ராரின் தாழ்ந்த பாதைக்கு உலகம் மீண்டது எனலாம். பின்தொடரும் வேலையை இன்று அசையா அன்ரெனாவின் மின்னணு உறுப்புக்களே செய்கின்றன. ஆயினும் வடிவம் பற்றிய வினா ஓயவில்லை. 2022 சனவரி 15இல் தொங்கா நாட்டில் எரிமலை வெடித்து ஒரே கடலடிக் கேபிளும் அறுந்தபோது, அந்நாடு உலகத் தொடர்பினை இழந்தது. கேபிள் செப்பனிடப்பட ஐந்து கிழமைகள் சென்றன. வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் அதனினும் நெடுங்காலம் வாளாகிடந்தது. அவ்விடைக்காலத்திற் பிறநாட்டில் வாழும் உறவினரோடு பேச உதவியவை செய்மதி நிலையங்களே.

இதுகாறும் கூறியவற்றால், சேய்மை என்பது தொலைவினால் மட்டும் அமைவதன்று என்பது பெறப்படும். அலாஸ்காவின் சிற்றூர், குறைந்த கருவி பெற்றும், பேசியது, கேட்டது, கற்றது. சைற் திட்டத்துக் கிராமம், நிறைந்த காட்சி பெற்றும், கேட்க மட்டுமே செய்தது. ஒரே வானம், ஒரே வகை அலைகள்; வேறுபட்டது பிணைப்பின் ஒழுங்கே. அவ்வொழுங்கினை வகுப்போர் பெரும்பாலும் மையத்திலிருப்போர். அதன் பயனை நுகர்வோரோ ஓரத்திலிருப்போர். நம் தீவகங்களிலும் எல்லைப்புறக் கிராமங்களிலும் நாளை எத்தகைய கருவி வந்து நிற்பினும், அதன் வேகத்தை வினவுமுன், இவ்வூர் தன் அயலூரோடு நேரே பேசுமா, மையம் ஓய்ந்த வேளையிலும் இதன் குரல் ஒலிக்குமா என வினவுதல் நம் கடனாகும். சென்ற தூது மாலையோடு மீண்டாலே அது தூது எனப்படும்.